கடற்காற்றும் மடிக்கணினியும்

கடலோரத்தில் வாழ்பவருக்கு இரும்பின் ஆயுள் எவ்வளவென்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. திருக்கோவிலில், சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்துக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் வங்கக்கடல் இரைந்துகொண்டிருக்கிறது. யன்னற் கம்பி பொருக்குத் தட்டிப் போவதும், துவிச்சக்கர வண்டியின் சங்கிலி செந்நிறம் கொள்வதும், கூரைத் தகட்டின் ஆணி தலையிழந்து நிற்பதும் அங்கே அன்றாடக் காட்சிகள். இரும்புக்கு எண்ணெய் பூசவும், மரத்துக்கு வார்னிஷ் இடவும், தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கவும் அவ்வூர் மக்கள் நன்கு அறிவர். ஆனால் அண்மைக் காலத்தில் அவர்களுடைய வீடுகளிலும் கடைகளிலும் குடிபுகுந்துள்ள ஒரு பொருளுக்கு எண்ணெய் பூசவும் இயலாது, வார்னிஷ் இடவும் இயலாது. அதுவே மடிக்கணினி.

இதனை மாணவரின் பொருளென்று மட்டும் எண்ணிவிடலாகாது. மருதமுனையிலிருந்து கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று தெற்கே செல்லும் பெருந்தெருவின் இருமருங்கிலும் உள்ள வாணிகத்தைச் சற்று நோக்குக. பெரும்போகத்துக்கு உரமும் விதைநெல்லும் கடனாகக் கொடுத்து, அறுவடையில் நெல்லாகத் திருப்பிப் பெறும் வியாபாரி இருக்கிறார். மருதமுனையில் கைத்தறிச் சேலைகளுக்குக் கட்டளை பெற்று வெளியூருக்கு அனுப்புபவர் இருக்கிறார். மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர் இருக்கிறார். விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கும் இளைஞரும் இருக்கிறார். முன்னர் இவர்களுடைய கணக்கெல்லாம் நீளக் கொப்பியில் இருந்தது. இன்று பலருக்கு அது மடிக்கணினியில் இருக்கிறது. கொப்பி நனைந்தால் வெயிலில் காயவைத்து வாசிக்கலாம். கறையான் அரித்தாலும் அரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். கணினியோ ஒரு காலைப் பொழுதில் காரணம் சொல்லாமல் நின்றுவிடும். யார் எத்தனை மூடை தரவேண்டும் என்பதும் அதனோடு நின்றுவிடும். ஆகவே இங்கு பேசப்படுவது ஒரு பொறியின் பழுது மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் போகக் கணக்குமாகும்.

மடிக்கணினிகளில் இரு சாதிகள் உண்டு. ஒன்று வீட்டுப் பாவனைக்கெனச் செய்யப்படுவது. பளபளப்பும் மெல்லிய உடலும் அதன் சிறப்பு. மற்றையது நிறுவனங்களுக்கெனச் செய்யப்படுவது. 1992 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டு, 2005 முதல் லெனோவோவின் கைக்கு மாறிய திங்க்பாட், டெல் நிறுவனத்தின் லற்றிடியூட், எச்.பி. நிறுவனத்தின் எலைட்புக் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. திங்க்பாட்டின் கருநிறப் பெட்டி வடிவத்துக்கு யப்பானியர் மதிய உணவு கொண்டுசெல்லும் பெட்டியே முன்மாதிரி என்று சொல்வர். சோற்றுப் பெட்டியைப் போலவே அதுவும் அழகுக்கன்றி உழைப்புக்குச் செய்யப்பட்டது. இவ்வினப் பொறிகளின் அடித்தட்டைச் சில திருகாணிகளைக் கழற்றித் திறந்துவிடலாம். நினைவகம், வட்டு, விசிறி, விசைப்பலகை ஆகியவற்றுள் பலவற்றைத் தனித்தனியே மாற்றலாம். எந்தத் திருகாணி எங்கே உள்ளது என்று படத்துடன் விளக்கும் பராமரிப்பு நூலைத் தயாரித்த நிறுவனமே இலவசமாக இணையத்தில் தருகிறது. வீட்டுப் பாவனைப் பொறிகளில் இவ்வசதிகள் அருமையாகவே கிடைக்கும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் இத்தகைய பொறிகளை மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியபின் கழித்துவிடுகின்றன. கழிக்கப்பட்டவை துடைத்துத் துப்புரவாக்கப்பட்டு, ரீகண்டிஷன் என்னும் பெயருடன் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கிழக்குக் கரைக்கும் வருகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த மாற்று வீதம் சில மாதங்களுள் 350 ரூபாவைக் கடந்தது. புதிய பொறி வாங்குவது நடுத்தர வியாபாரிக்கு எட்டாக் கனியாயிற்று. பாவித்த பொறியை நாடுவது அவருக்குச் சிக்கனம் மட்டுமன்று, வேறு வழியற்ற நிலையுமாகும்.

இத்தகைய பொறியை வாங்குபவர் விலையைப் பேசுமுன் சிலவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளல் வேண்டும். பொறியை இயக்கியவுடன் அதன் அடிப்படை அமைப்பாகிய பயோஸ் என்பதற்குள் செல்லுமாறு விற்பவரைக் கேட்கலாம். அங்கே கடவுச்சொல் கேட்கப்பட்டு அவருக்கும் அது தெரியாதெனில், அப்பொறியை அங்கேயே வைத்துவிட்டு வருவதே நன்று. முன்னைய நிறுவனம் பூட்டிய பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். அடுத்தது பற்றரி. செய்யப்பட்டபோது அதன் கொள்ளளவு எவ்வளவு, இன்று எவ்வளவு என்ற இரு எண்களையும் வின்டோஸ் அறிக்கையாகவே தரும். அதைக் காட்டச் சொல்லலாம். யூ.எஸ்.பி. துளைகளுக்குள் கைவிளக்கை அடித்துப் பார்க்கவேண்டும். அங்கே பச்சை நிறம் பூத்திருந்தால் அப்பொறி ஏற்கெனவே ஈரத்தையோ உப்பையோ கண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று உண்டு. வின்டோஸ் 10 என்னும் இயக்கு முறைமைக்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் வாரிசாகிய வின்டோஸ் 11, பழைய பொறிகள் எல்லாவற்றையும் முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. இன்டெல் செயலியாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஐ5 என்பதை அடுத்து வரும் இலக்கத்தைப் பார்த்தால் போதும்: 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 6200 என்று இருந்தால் ஆறாம் தலைமுறை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொறிகளுட் பல ஆறாம் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றின் உடல் இன்னும் பத்து ஆண்டு உழைக்கக்கூடும். ஆயினும் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் அனுப்பும் வியாபாரிக்கு அவை ஏற்றவையல்ல. லினக்ஸ் என்னும் இலவச இயக்கு முறைமையை இட்டுக்கொண்டு கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனிக் கடற்காற்றுக்கு வருவோம். காற்றில் மிதந்து வரும் உப்புத் துணிக்கை தன்னளவில் அதிகத் தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது அவ்வுப்பு நீரை உறிஞ்சித் தானும் கரைந்துவிடுகிறது. கரையோரத்து இரவுகளிலும் விடியற்காலைகளிலும், மாரிகாலத்தில் நாள் முழுவதும்கூட, ஈரப்பதன் இவ்வளவைத் தாண்டுவது வழமை. அப்போது செம்புக் கம்பிகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று படர்கிறது. அதனூடாக மின்னோட்டம் கசியும்போது அரிப்பு விரைவடைகிறது. பொறி இயங்குகையில் உள்ளே வெப்பம் இருப்பதால் ஈரம் தங்குவதில்லை; மாதக்கணக்கில் அலுமாரியில் மூடி வைக்கப்பட்ட பொறியே விரைவில் கெடுகிறது. ‘பழுதாகிவிடும்’ என்று பட்டுத்துணி சுற்றிப் பாதுகாத்த பொறி பழுதாகிப் போவது இதனாலேயே. கடலை நோக்கிய யன்னலருகே வையாமல், நாள்தோறும் சிறிது நேரம் இயக்கி, புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொதிகளையும் பையினுள் இட்டு வைப்பது பயன் தரும். குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து வெளியே கொண்டுவந்த பொறியை உடனே இயக்குதலும் தகாது. குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் வியர்க்கும். அரைமணி நேரம் பொறுத்தால் அது தானே நீங்கிவிடும்.

மின்சாரத்தின் கதை தனிக்கதை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை நாடு கண்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று சிக்கியதென்று கூறப்பட்ட நிகழ்வால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. மின்சாரம் போகும்போது மடிக்கணினிக்குக் கேடில்லை. அதற்குத் தன் பற்றரி உண்டு. திரும்பி வரும் கணமே ஆபத்தானது. அழுத்தம் ஏறி இறங்கும் அவ்வேளையில் சார்ஜர் சுவரில் இருத்தல் நன்றன்று. ஐப்பசி இடிமுழக்கத்தின்போது சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது. செருகியையே கழற்றிவிடல் வேண்டும். ‘மின்வெட்டு வரும், எப்போதும் நிறைத்து வைப்போம்’ என்று இரவும் பகலும் சார்ஜரிலேயே பொறியை விடுபவரும் உளர். இலித்தியம் பற்றரிக்கு நிறைவும் வெப்பமும் சேர்ந்திருப்பதே பகை. தொழிலகப் பொறிகளில் 80 சதவீதத்துடன் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு பெரும்பாலும் உண்டு. சாதாரண நாட்களில் அதை வைத்துக்கொண்டு, மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் மட்டும் நீக்கிவிடலாம்.

இவ்வளவு பேணியும் பொறி ஒருநாள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். கல்முனையின் பழுதுபார்க்கும் கடை எதிலும் கேட்கக்கூடிய உரையாடல் ஒன்றுண்டு.

“காக்கா, ராவு வரைக்கும் நல்லாத்தான் கிடந்த. விடியப் போட்டா உசிரே இல்ல.”

“தம்பி, விழுந்ததா, தண்ணி பட்டதா, கரண்ட் போய் வந்ததா? உள்ளதச் சொல்லுங்க.”

இக்கேள்விக்கு மெய்யான விடை அரிதாகவே கிடைக்கிறது. தேநீர் கவிழ்ந்ததைச் சொன்னால் கூலி கூடும் என்று அஞ்சி மறைப்பவர் பலர். மறைப்பதனால் கூலி குறைவதில்லை. தேடும் நேரமே கூடுகிறது. வைத்தியரிடமும் வழக்கறிஞரிடமும் மட்டுமன்றி இவரிடமும் ஒளிக்கலாகாது.

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியவை சில உள. பழுதைக் கண்டறிதல் என்பது, அது எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருதலே. மின்சாரம் பொறியை அடைகின்றதா என்பது முதற்கேள்வி. அதே சுவர்த்துளையில் மேசை விளக்கைச் செருகிப் பார்க்கலாம். பின்பு சார்ஜர். அதன் கம்பி பெரும்பாலும் முனையருகிலேயே உள்ளே அறுந்து போகும். வெளியே ஒன்றும் தெரியாது. வேறு சார்ஜரைச் செருகிப் பார்ப்பதாயின் அதே வோல்ற்று அளவுள்ளதாக இருத்தல் வேண்டும். அம்பியர் கூடலாம், குறையலாகாது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. டெல், எச்.பி. பொறிகளின் வட்டமுனைச் சார்ஜர்கள் பலவற்றில், நடுவே உள்ள மெல்லிய ஊசி ‘இது எந்தச் சார்ஜர்’ என்று பொறிக்கு அறிவிக்கிறது. அவ்வூசியின் கம்பி மட்டும் அறுந்தால் பொறி இயங்கும்; பற்றரி மட்டும் ஏறாது. இதை அறியாமல் நல்ல பற்றரியைக் கழற்றி எறிந்து புதிது வாங்கியவர் எத்தனையோ பேர்.

சார்ஜரில் குறையில்லையாயின் அதைக் கழற்றி, பற்றரியும் கழற்றக் கூடியதாயின் அதையும் எடுத்துவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வெளியேறியபின் பொறி மீண்டும் எழுவது உண்டு. பற்றரி உள்ளடங்கிய திங்க்பாட் பொறிகள் பலவற்றில் அடித்தட்டில் ஊசித்துளை ஒன்று இதற்கெனவே வைக்கப்பட்டுள்ளது.

விளக்கு எரிகிறது, விசிறியும் சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது எனின் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். அதில் படம் தெரிந்தால் பொறி நலமே. திரையோ அதன் நாடாக் கம்பியோ பழுது. அங்கும் தெரியாவிடின், பற்றரித் தொடர்பைத் துண்டித்தபின் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைத் தூய அல்கஹோல் தோய்த்த துணியால் துடைத்து, மீண்டும் இறுகப் பொருத்தல் வேண்டும். கரையோரத்துப் பொறிகளுட் பல இந்த ஒரு செயலினாலேயே உயிர் பெறுகின்றன; உப்பின் முதல் வேலை பெரும்பாலும் தொடுமுனைகளிலேயே நிகழ்கிறது. டெல் பொறிகளில் சிறு விளக்கொன்று மஞ்சளும் வெள்ளையுமாகக் குறித்த எண்ணிக்கையில் மினுங்கித் தன் நோயைத் தானே கூறும். அவ்வெண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவர் பாதி வேலையை முடித்தவராவார்.

நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அதன்பின் வட்டம் சுழன்றுகொண்டே இருப்பின் ஐயம் வட்டின்மேல் விழுகிறது. இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகின்றனர். பழைய சுழலும் வட்டாயின், ‘டிக் டிக்’ என்னும் ஓசை கேட்டவுடன் பொறியை அணைத்துவிடல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது எஞ்சியிருப்பதையும் சுரண்டி எறிவதாகும். முதலில் கோப்புகளை வெளியே எடுத்தல், பின்னரே பழுதுபார்த்தல். ‘எல்லாவற்றையும் அழித்து வின்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம்’ என்பது கடையில் மிக எளிதாகக் கிடைக்கும் மருந்து. பொறி புத்தம் புதிதாகத் திரும்பி வரும்; போகக் கணக்கு வராது. ஆதலால் பொறியைக் கொடுக்கும்போதே ‘அழிக்க வேண்டாம்’ என்று பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளல் அவசியம்.

இதைவிடக் கொடிய முடிச்சு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பொறி கெடும்வரை எவரும் கேள்விப்படுவதேயில்லை. இன்றைய வின்டோஸ் பொறிகள் பல, உரிமையாளர் மைக்ரோசொஃப்ட் கணக்குடன் நுழைந்தவுடன், வட்டு முழுவதையும் மறைகுறியாக்கிப் பூட்டிவிடுகின்றன. பிட்லொக்கர் என்பது அப்பூட்டின் பெயர். களவு போனால் பிறர் படிக்க முடியாதவாறு செய்யப்பட்ட நல்லேற்பாடு அது. ஆனால் தாய்ப்பலகையை மாற்றினாலும், சிலவேளை பயோஸைப் புதுப்பித்தாலும், பொறி தன் உரிமையாளரையே அந்நியராகக் கருதி 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கிறது. அது இன்றேல் வட்டைக் கழற்றி வேறு பொறியில் இட்டாலும் பயனில்லை. எவ்வளவு கூலி கொடுத்தாலும் எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. அவ்வெண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கிலே சேமிக்கப்பட்டிருக்கும். அக்கணக்கையோ கடையிலிருந்த இளைஞர் ஒருவர் தம் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துத் திறந்திருப்பார். அவர் இப்போது கட்டாரில் இருப்பார். பொறி நலமாக இருக்கும் நாளிலேயே அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்திலேயே வைத்துவிடல் வேண்டும். காணி உறுதியைப் பொறியின் பைக்குள் எவரும் வைப்பதில்லை. இத்தாளையும் அங்கே வைத்தலாகாது.

கணக்குக்கு இரண்டாவது பிரதி இருத்தல் வேண்டும் என்பதை இக்கரையோரத்தாருக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1978 நவம்பரில் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையும் ஆவணங்களை என்ன செய்தன என்பதைக் கண்டவர்கள் இன்னும் உளர். வெளி வட்டொன்றில் பிரதி எடுத்து, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். இணையக் களஞ்சியத்திலும் வைக்கலாம். வெளி வட்டைப் பொறியிலேயே செருகி விட்டுவிட்டால் இடியும் களவும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும்.

பிரதி எடுத்தும் வாசிக்க முடியாத நிலை தமிழருக்கே உரிய ஒன்று. பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட கோப்பு அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று அதை அழித்துவிடுவோரும் உண்டு. எழுத்துருவை நிறுவினால் அது மீண்டும் தமிழாகும். யுனிகோட்டுக்கு மாற்றி வைத்தல் நிலையான வழி.

தண்ணீர் கொட்டிவிட்டால் செய்யவேண்டியது: உடனே சார்ஜரைக் கழற்றி, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, பொறியைக் கூடாரம்போல் கவிழ்த்து வைத்தல். ‘காய்ந்துவிட்டதா’ என்று அறிய இயக்கிப் பார்த்தலே பல பொறிகளின் முடிவு. அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் வற்றும் என்னும் நம்பிக்கை நெல் விளையும் இப்பகுதியில் வலுவாக வேரூன்றியுள்ளது. அரிசி உள்ளேயிருக்கும் நீரை இழுப்பதில்லை. தவிடும் குறுணியும் துளைகளுக்குள் புகுவதே மிச்சம். பட்டது கடல்நீராயின் காயவிடுவதே தவறு. நீர் போனாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். பற்றரியைத் துண்டித்து, காலம் தாழ்த்தாமல் பலகையைத் தூய நீராலும் அல்கஹோலாலும் கழுவத் தெரிந்தவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இறுதியாகப் பற்றரி வீங்குதல். பொறியின் மூடி சரியாக மூடாமல் நிற்பதும், தொடுபலகை மேலெழுவதும் அதன் அறிகுறிகள். உள்ளே வாயு சேர்ந்துவிட்டது; அழுத்துவதும் குத்துவதும் மின்னேற்றுவதும் தீயை வரவழைக்கும். பொறியை அணைத்து, பழுதுபார்ப்பவரைக் கொண்டு பற்றரியைக் கழற்றுவித்து, மின்கழிவு பொறுப்பேற்பவர் கையில் ஒப்படைக்கும்வரை, வீட்டுக்கு வெளியே உலோக வாளியொன்றில் உலர்ந்த மணலுக்குள் வைத்திருக்கலாம். திருக்கோவிலில் மணலுக்குக் குறைவில்லை.